அடிப்படை ஆண்டு

மாதத்தின் இரண்டாவது புதன், கல்முனைச் சந்தை.
அதே கடை, அதே சாமான், அதே நிறை.
மாற்றக்கூடாது என்பது விதி.
மாறியது விலை மட்டும்தான் என்று
மேலிடம் நம்பவேண்டும் அல்லவா.

பருப்பு, பால்மா, தேங்காய் (நடுத்தரம்),
சூரை மீன், சவர்க்காரம்,
முடிவெட்டுக் கூலி, ஆண், வளர்ந்தவர்.
கேட்கிறேன், எழுதுகிறேன், வாங்குவதில்லை.
பை இல்லாமல் சந்தைக்குள் வருகிற பொம்பிளை
நான் ஒருத்திதான்.

மீன் மேடையில் ஆதம்பாவா
தராசைத் துடைத்தபடி கேட்டார்:
"வீக்கம் வடிஞ்சிட்டாம் எண்டு ரேடியோவில சொன்னானுகள் மிஸ்.
விலை ஏன் வடியல்ல?"

மாரியில் கிட்டங்கித் தாம்போதியில்
முழங்காலில் நின்ற வெள்ளம்
பகலுக்குள் இடுப்புக்கு வரும்.
பின்னேரம் ஒரு விரற்கடைதான் ஏறும்.
"ஏறுறது குறைஞ்சிட்டு" என்போம்.
இறங்கிவிட்டது என்று
அங்கே யாரும் சாரனை இறக்கிவிடமாட்டான்.

அவருக்கு விளங்கிவிட்டது.
"அப்ப நாம இன்னம் தண்ணிக்குள்ளதான் நிக்கம்."
பிறகு, நான் கேட்காமலே,
"சூரை ஆயிரத்து நூறு, எழுதுங்க."

பேக்கரியில் பாண் விலை மாறவில்லை.
என் சின்னத் தராசில் வைத்தேன்.
நாற்பது கிராமைக் காணவில்லை.
"வேகக்கொள்ள வத்தும் மிஸ்," என்றார் முதலாளி.
போன வருடம் வற்றாத மாவு.
'குறிப்பு' என்ற பெட்டியில் இரண்டு சொல்தான் கொள்ளும்:
பாண் மெலிந்துள்ளது.
பத்தரமுல்லையிலிருந்து போன் வரும்,
மெலிந்தது எத்தனை வீதம் என்று.

ஒரு வருடத்தைப் பிடித்து
அதன் நெற்றியில் நூறு என்று எழுதுகிறோம்.
பிறகு வருகிற வருடமெல்லாம்
அதனருகே நின்று உயரம் காட்டவேண்டும்.
எந்த வருடம் என்பதை ஒரு குழு தீர்மானிக்கும்.

தையல்கடை ஜெஸீமாவுக்கு நூறு என்பது
கட்டாரிலிருந்து கடைசியாகக் காசு வந்த மாதம்.
அதற்குப் பின் டொலர் ஏறியது,
ஏறிய டொலரை அனுப்ப அவனுக்கு வேலை இல்லை.
கொழும்பில் வட்டியை உயர்த்தினார்கள்,
ஆட்கள் கடன்வாங்கிச் செலவழிப்பது குறையட்டும் என்று.
குறைந்தது.
லீசிங்காரன் வந்து
இரண்டாவது மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.
கொள்கை வேலைசெய்கிறது என்பதற்கு
சிமெந்துத் தரையில் நான்கு கால்தடம்.

கடைசி வீடு மருதமுனையில்.
சொந்த வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி:
இதை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும்?
"நம்மட ஊட்டுக்கு நாமளே வாடகை குடுக்கிறயா?"
சுபைதீன் சிரித்தார்.
இல்லை, கொடுப்பதாக நினைத்து
நாட்டின் வருமானத்தில் சேர்ப்போம் என்றேன்.

மர்ழியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"ஊடு எனக்கு வாப்பா தந்த சீதனம்.
அப்ப வாடகை எனக்குத்தானே வரணும்?
எத்தின மாசம் நிலுவை எண்டு கேளுங்க மிஸ்."
அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு
கூரையைப் பார்த்தார், ஒழுக்கு இருந்த பக்கம்.
"பதினெட்டாயிரம் போடுங்க," என்றார்.
"இருபது," என்றாள் அவள்.
இருபது எழுதினேன்.
யாரும் கொடுக்காத, யாருக்கும் கிடைக்காத இருபதாயிரம்
அன்றே தேசியக் கணக்கில் ஏறப் புறப்பட்டது.

அவள் பிளேன்டீ கொண்டுவந்தாள், இஞ்சி தட்டிப் போட்டு.
கடையில் என்றால் அறுபது ரூபாய் எழுதியிருப்பேன்.
குடித்தேன். அதற்குக் கோடு இல்லை.

இருட்டுப்பட பஸ், கல்லாற்றுக்கு.
அதே பஸ், அதே தூரம்.
மூன்று ரூபாய் கூட.