தொடர்ச்சிப் பிழை

என் வேலை பொத்தான்களை எண்ணுவது.
சென்ற ஷாட்டில் மேல்கோட்டில் மூன்று பூட்டியிருந்தால்
இந்த ஷாட்டிலும் மூன்று.
சிகரெட் பாதி எரிந்திருந்தால் பாதி.
காயம் என்றால் எந்தப் புருவம், எத்தனை சொட்டு.
போர் எப்படிக் குழம்பினாலும்
என் நோட்டில் அது ஒழுங்காக நடக்கும்.

சோச்சா ஆற்றுக்கு மேலே, கெர்ன் மலைச் சரிவில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறை
மார்ச் மாதம் முழுக்க எடுத்தோம்.
பனி போதவில்லை, காகிதத் தூளைத் தூவினோம்.
பிணங்களாகக் கிடந்தவர்கள்
தோல்மின் ஊரின் தீயணைப்புத் தொண்டர்கள்.
நாற்பது யூரோ, சூடான சூப்.
இடைவேளையில் ஒருவர் சொன்னார்:
எங்கள் தோட்டத்துப் பீன்ஸ் கொடி ஏறுவது
அந்தக் காலத்து முள்வேலிக் கழியில்தான்,
நல்ல இரும்பு.
சொல்லிவிட்டு மறுபடி போய்ச் செத்தார்.

கதாநாயகன் விட்டோமிர் லபாய்னே.
நாடே அவனை மெத்தை விளம்பரத்தில் பார்த்திருக்கிறது,
குறட்டை விடும் கரடியாக.
நாவலில் ஸ்குபினுக்கு இருபத்திரண்டு வயது.
இவனுக்கு முப்பத்தொன்பது, தாடிக்குச் சாயம்.
அறிவிப்பு வந்த அன்று ஊரே சிரித்தது.
நானும்தான். மறைப்பானேன்?

முதல் வாரம் நன்றாக நடித்தான்,
அதாவது, நடிப்பது தெரிந்தது.
கன்னம் துடித்தது.
கண் கலங்கியது, சொன்ன நேரத்தில்.
பிறகு ஒருநாள்
கரண்டியைப் பனியில் தேய்த்துக் கழுவிக்
காலுறைக்குள் செருகிக்கொண்டான்.
திரைக்கதையில் அது இல்லை.
கேமராவும் அவன் பக்கம் இல்லை.
நான் குறித்துவைத்தேன்:
கரண்டி, வலது காலுறை.

காட்சி எண்பத்தாறு.
சரிந்த பனி பாசறையை மூடிவிட்டது.
உள்ளே நாற்பது பேர்.
அங்கிருந்து வரும் தொலைபேசிக் கம்பி மட்டும்
எப்படியோ அறவில்லை.
மணி அடிக்கிறது. ஸ்குபின் எடுக்கிறான்.

நாவலில் அந்த இடத்தில் ஒரே சொல்:
கேட்டான்.
எதை என்று இல்லை. யாரை என்றும் இல்லை.
அத்தியாயம் முடிந்து, அடுத்ததில்
கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் வருகிறது.

திரைக்கதை எழுதியவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்.
இரண்டு பக்கம்.
கடவுளைக் கேட்டான், சக்கரவர்த்தியைக் கேட்டான்,
பெற்றவளை, தளபதியை, பனியைக் கேட்டான்.
கைதட்டலுக்கு இடம் விட்டு எழுதிய வசனம்.
பத்து டேக்.
பத்திலும் லபாய்னே ஒரு சொல் பிசகவில்லை.
பத்திலும் இயக்குநர் நெவெங்கா
திரையை விட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

பதினோராவதில்
இடக்கைக் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான்.
வெறுங்கையால் ரிசீவரைப் பிடித்தான்.
வாய் திறக்கவில்லை.
அந்தக் கம்பி எங்கும் போகவில்லை.
அதன் மறுமுனையை
உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
காலையில் சுருட்டி வைத்தது நான்தான்.
என்றாலும் ஒலிப்பதிவுக்காரர்
காதுக்கருவியை இரு கையாலும் அழுத்திக்கொண்டார்.
லபாய்னே தலையசைத்தான்,
யாரோ சொல்வதற்குச் சரி என்பதுபோல.
சற்றுப் பொறுத்து இன்னொரு முறை,
முன்னதைவிடக் குறைவாக.
அதற்குப் பிறகு அசைக்கவில்லை,
ரிசீவரை வைக்கவும் இல்லை.
செத்துக் கிடந்த தீயணைப்புக்காரர்
கண்ணைத் திறந்து பார்த்தார்.
கட் சொல்ல வேண்டியவள் மறந்துபோனாள்.

அடுத்த ஷாட் முந்தாநாளே எடுத்தாயிற்று:
ஸ்குபின் சரிவில் ஓடுகிறான்.
இரண்டு கையிலும் கையுறை.

இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வாய்வரை வந்தது.
சொன்னால் பன்னிரண்டாவது டேக்,
கையுறையோடு, வசனத்தோடு.
நெவெங்கா திரும்பினாள்:
எல்லாம் பொருந்துகிறதா?

பொருந்துகிறது என்றேன்.

லூப்ளியானாவில் முதல் காட்சி.
எனக்குப் பின்னால் ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான்.
கையுறை! கையுறை!
அவன் அம்மா உஷ் என்றாள்.
இரண்டு வரிசை முன்னால் லபாய்னே,
சாயம் போய், பாதி நரைத்த தாடியோடு.
திரும்பவில்லை.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.
எண்பத்தாறு, டேக் பதினொன்று.
பொத்தான் மூன்று.
கரண்டி, வலது காலுறை.
இடக்கை,
என்று எழுதி
அப்படியே விட்டிருக்கிறேன்