இன்னும் உதைக்கிறதா

கடலோரம், அஸ்டோரியாவில் வாங்கினேன்.
ஐநூறு சிசி, டூ ஸ்ட்ரோக்,
தொண்ணூற்றொன்பதில் பிறந்தது.
விற்றவர் வெய்க்கோ, ஆறடி நாலங்குலம்.
கொட்டகையிலிருந்து நொண்டியபடி வந்தார்.
"முட்டி வலி. மழைக்காலம் பாருங்கள்."
அதிகம் ஓட்டவில்லை என்றார்.
"ஆனால் இது பேய்" என்றும் சொன்னார்,
பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

தானமாக வந்த மாடில்லையே,
எண்ணி வைத்த காசு.
வீட்டுக்கு வந்ததும் பல்லைப் பிடித்துப் பார்த்தேன்.
பின்சக்கரப் பல்லெல்லாம்
காற்றடித்த கோரை மாதிரி
ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.
அதிகம் ஓட்டவில்லையாம்.

நாங்கள் இருப்பது நாலாயிரத்து நானூறு அடியில்.
ஓவைஹீ மேட்டில் காற்று மெலிசு.
கடல்மட்டத்துச் சாப்பாட்டை இங்கே ஊட்டினால்
இருமுகிறது, புகைகிறது,
ஸ்பார்க் பிளக்கை ஈரக்கரியாக்கி அணைந்துபோகிறது.
நூற்றெழுபத்தைந்தைக் கழற்றி
நூற்றறுபத்தைந்தை வைத்தேன்.
ஜெட் என்பது பித்தளையில் ஒரு துளை,
கடுகு நுழையாது.
மலை நுழைந்திருக்கிறது.

ஸ்பிரிங் எல்லாம் நூற்றுப்பத்து கிலோ ஆளுக்கு.
நான் ஐம்பத்தெட்டு, பூட்ஸோடு அறுபத்தொன்று.
அண்ணன் பெஞாட் டேப் பிடித்து அளந்தான்.
ஏறினேன், இறங்கினேன், திரும்ப ஏறினேன்.
"இட்சியார், நீ ஏறினதே அதுக்குத் தெரியல"
என்று சொல்லிவிட்டு வைக்கோல் ஏற்றப் போய்விட்டான்.
புது ஸ்பிரிங் வரப் பதினொரு நாள்.
அதற்குள் பிஸ்டன், ரிங்,
ஓரம் நொறுங்கிய ரீட் வால்வு,
ஃபில்டருக்குப் பின்னால் ஓர் எலிக்கூடு
(காலியானது, நல்லவேளை).

வந்தது. மாட்டினேன். உட்கார்ந்தேன்.
நூறு மில்லிமீட்டர் அமிழ்ந்து நின்றது.
என்னை முதல்முறையாக எடை போட்டிருக்கிறது.

மறுநாள் காலை
அந்த அறுபத்தொன்றையும் கிக்கரில் போட்டு மிதித்தேன்.
திருப்பி மிதித்தது.

கொட்டகைச் சுவரோரம் கிடந்தேன்.
கணுக்காலுக்கு மேலே முட்டையளவு வீக்கம்.
கூரைத் தகரத்தில் ஆணித்துளைகள், வெளிச்சம்.
மழைக்காலமாவது, முட்டியாவது.

காந்தச் சக்கரத்தை உருவி எடுத்தேன்.
உள்ளே ஸ்டேட்டர் தட்டில் ஒரு கோடு,
உறையில் ஒரு கோடு.
இரண்டும் நேருக்கு நேர் பார்க்கவேண்டியவை.
நகக்கண் அளவு விலகியிருந்தன.
திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவர் கடித்த தடம்.
பக்கத்தில், காய்ந்த கிரீஸில்,
என் பெருவிரலைப் போல ஒன்றரை மடங்கு ரேகை.

கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு
தீப்பொறியை அவசரப்படுத்தியிருக்கிறார்.
அவசரப்பட்டது காலில் வந்து விடிந்தது.
பிறகு பேய் என்று பேர் வைத்தார்.

கோட்டைக் கோட்டோடு சேர்த்தேன்.
இரண்டாம் உதையில் பிடித்துக்கொண்டது.
பள்ளத்தாக்கு முழுக்கத் தகரக் குரல்,
சேஜ் புதர்களின் கசந்த வாசம், நீலப் புகை.
மூன்றாவது கியரில் முன்சக்கரம்
என்னைக் கேட்காமல் எழுந்தது.
கத்தினேன். என்ன சொல்லி என்று ஞாபகமில்லை.

ஆற்றுக்கு ஐந்து மைல் இறக்கம்.
ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டுச் சும்மா உருளக்கூடாது:
எண்ணெய் பெட்ரோலில்தான் கலந்து போகிறது,
பெட்ரோல் நின்றால் உள்ளே வெறும் உரசல்.
கிளட்சைப் பிடித்து
வளைவுக்கு வளைவு ஒரு மிடறு கொடுத்துக்கொண்டே
இறங்கினேன்.

சாயங்காலம் பிளக்கைக் கழற்றினால்
டிகாக்‌ஷன் தூக்கலான காப்பி நிறம்.
அதைப் படமெடுக்கும்போது வெய்க்கோவின் செய்தி வந்தது.
"இன்னும் உதைக்கிறதா?"

ஸ்டேட்டர், கோடு, நகக்கண் என்று
நாலு வரி அடித்தேன்.
கால் வீக்கம் நீலம் போய் மஞ்சளாகியிருந்தது.
நாலு வரியையும் அழித்துவிட்டு
"உதைக்கிறது" என்று அனுப்பினேன்.

"அதானே" என்றார், உடனே.

வெளியே குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டது.
குளிர்ந்த காற்று கனம், பசியும் கூடும்.
ஜெட் டப்பாவைத் தரையில் கவிழ்த்து
நூற்றறுபத்தெட்டைத் தேடுகிறேன்.