பாதை மாறிய நாலு விநாடி

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
சேர்வர் அறைக்கு ஜன்னல் இல்லை.
இரவு பதினொன்று நாற்பது.
தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது.
முறிந்த விலாக்கள், வீங்கிய ஈரல்கள்,
எட்டு வாரக் கருவொன்றின் பயற்றம்விதைத் துடிப்பு
எல்லாம் கழுத்தளவு நெருக்கத்தில்.

பழசை அழித்தால் என்ன என்று
மேலிடம் கேட்டது.
பழசு என்றால் எது?
மண்டூரில் இருந்து ஒருத்தி
ஆவணிக்கு ஆவணி வருகிறாள்,
தொடைக்குள் இருக்கும் இரும்புச் சிம்பு
நகர்ந்ததா என்று பார்க்க.
போன வருசம் இல்லாமல்
நகர்ந்ததை எதனோடு ஒப்பிட?

புதுத் தட்டுகள் பன்னிரண்டையும்
ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
அடுத்தது முகவரி.
முதலாம் சேர்வரில் கழற்றி
இரண்டாவதில் கொளுவ வேண்டும்.
குருமண்வெளித் துறையில்
ஒரு பாதை பழுதானால்
மற்றப் பாதையைக் கொண்டுவந்து கட்டுவார்கள்;
துறை அதே துறை,
ஏறுகிறவர் பெயர் கேட்பதில்லை.

எண்டர்.

ஸ்கேன் அறையில் இருந்து றினோசா:
"படம் பாதியில நிக்குது.
நெஞ்சு தெரியுது, கீழ சாம்பல்."
"அஞ்சு வரைக்கும் எண்ணுங்க."
அவ எண்ணினா.
நாலில் நின்றது குரல்.
"வந்திட்டு."

அதற்குப் பிறகு ஒரேயொரு வரிக் கட்டளை.
அறுபத்திரண்டு சதவீதம்.
இத்தனை இடம் வந்ததற்கு
ஒரு சத்தம்கூட இல்லை,
விசிறிகள் முன்போலவே இரைந்தன.

நாளைக்குக் கிளினிக்.
முதல் பாதையில் அவள் வருவாள்,
பழைய தொடையும் புதிய தொடையும்
ஒரே திரையில் கிடக்கும்.

காலை முறைக்கு வரும் நவேந்திரனுக்கு
மட்டையில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்:
இரண்டாம் சேர்வர், நாலாம் போர்ட்,
லைட் மஞ்சளாத்தான் நிக்குது.
வயரத் தொடாத.
இப்ப எல்லாரும் அதுலதான் போறாங்க.