தன்வினை

வியாழன் மாலை ஒரு தங்கத் துண்டைக்
குப்பிக்குள் இறக்கிவிட்டு வந்தேன்.
தங்கம் என்றால் அடகுக்கடைக்காரர் சிரிப்பார்:
மைக்காத் தகட்டின் மேல் பூசிய வெறும் மினுக்கு.
எத்தனாலில் இரண்டு சொட்டு தயோல்.
மூடியை இறுக்கினேன், விளக்கை அணைத்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
மூக்கைச் சுளித்து எழுந்து போனார்.
அழுகிய வெங்காயமும் கேஸ் கசிவும் கலந்த வாடை
டிசம்பரிலிருந்து என் மஃப்ளரில் குடியிருக்கிறது.
எட்மன்டனில் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும்.

அன்றிரவு பனிப்புயல். அதன் பின்னாலேயே
மைனஸ் முப்பத்தொன்று.
வெள்ளிக்கிழமை எல்லாம் மூடல்.
சனி, ஞாயிறும் நான் போகவில்லை.
ரசம் வைத்தேன், துணி மடித்தேன்,
மீதி நேரம் தூங்கினேன்.
குப்பிக்குள் யாரும் தூங்கவில்லை.

முதலில் வரும் மூலக்கூறுகள்
தங்கத்தின் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
கந்தகத் தலை ஒட்டிக்கொள்ள
கரிச் சங்கிலி உடம்பு தரையோடு கிடக்கும்.
இன்னும் வரும். இன்னும்.
நெருக்கம் கூடக் கூட ஒவ்வொன்றாய் எழுந்து நிற்கும்,
செஞ்சுரி பார்க்கில் இரண்டு இருக்கைக்குப் பையைப் பரப்பியவன்
சவுத்கேட்டில் அதை மடிக்கு எடுத்து
மெக்கெர்னனில் எழுந்து கம்பியைப் பிடிப்பதுபோல.
ஒலிபெருக்கியில் யாரும் அறிவிப்பதில்லை.

நேராகவும் நிற்பதில்லை.
முப்பது பாகை, எல்லாம் ஒரே பக்கம்,
காற்றுக்கு முதுகு காட்டி
பஸ் நிறுத்தத்தில் சாய்ந்து நிற்பவர்கள் மாதிரி.

திங்கள் காலை ஓரெஸ்ட் அதன் மேல்
ஒரு சொட்டு நீர் வைத்தான்.
பரவவில்லை.
உருண்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.
(தாமரை இலை என்று எழுதக் கை போனது.
அடித்துவிட்டேன்.)
"என்ன பண்ணினாய், வெயினி?"
"ரசம் வைத்தேன்."

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: செய்தவர்.
நான்கு வருடமாக அதில்
இளவெயினி, இளவெயினி என்று நிரப்பி வருகிறேன்.
இன்று பேனா நின்றது.
ஒன்பதாம் வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம்:
நிரப்பினாள், நிரம்பியது.
திருத்தினாள், திருந்தியது.
அடக்கினாள், அடங்கியது.
வல்லினம் இளகி மெல்லினம் ஆகும் அந்த இடத்தில்
ஆள் காணாமல் போகிறாள்.
காரியம் மட்டும் நடக்கிறது.

நுண்ணோக்கியின் ஊசிமுனை
இரவெல்லாம் தடவித் தடவி வரைந்த படத்தை
மறுநாள் பார்த்தோம்.
ஒரு திட்டு கிழக்கே சாய்ந்திருக்கிறது,
அடுத்தது தென்மேற்கே.
ஒரே நேரத்தில் பல இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள்,
ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல்.
சந்தித்த இடத்தில் தையல்போல் ஒரு கோடு.
சில இடங்களில் அணு ஒன்றின் ஆழத்துக்குப் பள்ளம்.

"சூடாக்கினால் கோடு போய்விடும்" என்றான் ஓரெஸ்ட்.
போகும்தான்.
சூட்டில் எல்லாம் கொஞ்சம் நெகிழும்,
சிறு திட்டு பெரிய திட்டின் சாய்வுக்கு வந்துவிடும்.
நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

புதன்கிழமை அறிக்கை.
எழுபது டிகிரி, ஒரு மணி நேரம். சூடாக்கினேன்.
பதிவேட்டில் அந்த ஒரு வரிக்கு மட்டும்
என் பெயரை எழுதினேன்.
மேலே உள்ள கட்டம் காலி.

திரும்பும்போது ரயிலில் நெரிசல்.
எல்லோரும் நின்றிருந்தார்கள்,
என் பக்கத்து இருக்கை தவிர.