பதினோராவது பொன்மொழி

பத்தாங் பெர்ஜுந்தை தமிழ்ப்பள்ளிச் சுவருக்குப்
பதினோரு பொன்மொழி என்று கூலி பேசியிருந்தேன்.
தலைமையாசிரியர் தாளில் பத்துதான் இருந்தது.
"ஒன்று நீயே போடு, நல்லதாக."

போன சம்பள நாளில்
செம்பனை எடை மேடையருகே
உதிரிப்பழ மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு
கிராணியிடம் பூங்காவனம் கத்தியது
காதிலேயே கிடந்தது:
"தராசு பொய் சொல்லாதுய்யா.
அதுக்கு ஏது வாய்?
வாசிக்கிற ஒனக்குத்தான் இருக்கு."

சுவருக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் செதுக்கினேன்.
'தராசு பொய்யுரைப்பதில்லை;
வாசிப்பவனே உரைக்கிறான்.'

அருமை, யார் சொன்னது என்றார்.
சொன்னேன்.
சிரித்தார்.
நீலச் சாயம் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
'கிரேக்க அறிஞர்' என்று எழுதிக்
காசை வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் மாவட்டப் பேச்சுப்போட்டிகளில்
அந்தக் கிரேக்கருக்கு நல்ல கைத்தட்டல்.
கி.மு. நானூறு என்று ஒரு பையன்
வயதுகூடச் சொல்லிவிட்டான்.

மகளின் தேர்ச்சி அட்டைக்குக் கையெழுத்துப் போட வந்த
பூங்காவனம்
சுவர் முன்னே நின்றாள்.
எழுத்துக் கூட்டி, உதடசைய, இரண்டு தரம்.
நான் ஏணிக்குப் பின்னால்
காய்ந்த தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பேரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"வாயை விட்டுட்டீங்களே" என்றாள்.