அறுபத்தோராவது செக்கன்

ஹட்டனில், ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் மூன்று பேர்:
புவிதரன், நிஷங்க, நான்.
கீழே கூரைத்தகடு இறக்கும்போதெல்லாம்
மேசையில் கொம்பியூட்டர் நடுங்கும்.
மழை பெய்தால் கரண்ட் போகும்.
மழை பெய்யாத நாள் என்று ஒன்றை
அந்த வருசம் நான் குறித்து வைக்கவில்லை.

கம்பனிக்குப் பேர் வைத்தது புவிதரன்: செக்ரோல்.
தோட்டத்தில் பேர் விழும் புத்தகம்.
வந்தவருக்குப் பேர், வராதவருக்குக் கோடு,
சொன்ன கிலோ எடுக்காதவருக்கு அரைப்பேர்.
"நம்ம வேலையும் அதுதானே" என்றான்.
"யார் எத்தனை நேரம் பேசினாங்க, எவ்வளவு கட்டணும்."
கடன் கேட்டுப் போன இடத்தில் பேங்க் மெனேஜர்
"செக்யூரிட்டி கம்பனியா?" என்றார்.

முதல் ஓடர் ஒரு தீவிலிருந்து வந்தது.
பதினோராயிரம் இணைப்புகள்.
அவர்கள் அனுப்பிய நாற்பது பக்கத்தில்
என் பங்குக்கு ஒரு வரி:
நிமிடக் கணக்கு, மிச்சம் இருந்தால் மேலே.
அதாவது அறுபத்தொரு செக்கன் பேசினவருக்கு
இரண்டு நிமிடக் காசு.
நாலு வரியில் எழுதினேன்.
பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மாவின் கொழுந்து தராசில்
பதினேழு கிலோ அறுநூறு என்றால், பதினேழு.
ஈரத்துக்கு இரண்டு. சாக்குக்கு ஒன்று.
புத்தகத்தில் பதினாலு.
அங்கே கீழே வெட்டினார்கள், இங்கே நான் மேலே தள்ளுகிறேன்.
இரண்டும் ஒரே திசை என்று புரிய
எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

குவைத்திலிருந்து செல்வமலரக்கா எடுப்பாள்.
ஐம்பதாவது செக்கனில் அவள் குரல் ஓடத் தொடங்கும்:
காசு கிடைச்சுதா அங்க மழையா தம்பி ஸ்கூல் போறானா வச்சிடுறே
அந்த வார்த்தையின் வாலை
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் ஒன்றும் சொல்லாமல்
நாலு வரியையும் அனுப்பினேன்.
வாடகை மூன்று மாசம் பாக்கி.

முதல் பில் ஓட்டம், மாசக் கடைசி இரவு.
ஆறு மணித்தியாலம் ஓடி, கரண்ட் போய்,
திரும்ப ஓட்டியதில்
மூவாயிரம் பேருக்கு இரண்டு பில்.
அவர்களில் ஐநூறு பேர் இரண்டையும் கட்டிவிட்டார்கள்.
அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கத்தான்
நாலாவது ஆளை எடுத்தோம்.
கம்பனி அப்படித்தான் வளரத் தொடங்கியது,
பிழையின் பக்கமாக.

பிறகு பன்னிரண்டு பேர். பிறகு அறுபது.
இரும்புக்கடை முதலாளி கண்டிக்குப் போக
கீழ்மாடியும் எங்களுக்கு.
துருவின் வாசம் இன்னும் சேர்வர் அறையில் இருக்கிறது.
நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை பஸ்களிலிருந்து
கழுத்தில் அட்டையோடு பிள்ளைகள் இறங்குகிறார்கள்.
ஒன்பதேகாலுக்கு எல்லோரும் நின்றுகொண்டு
நேற்று செய்ததையும் இன்று செய்வதையும் சொல்லும் கூட்டத்துக்கு
நாங்கள் வைத்த பேர் பெரட்டு.
பிந்தி வந்தால் அரைப்பேர் என்று நிஷங்க கத்துவான்,
அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் அதுவும் ஒன்று.
எல்லோரும் சிரிப்போம்.
மஸ்கெலியாவிலிருந்து வரும் ரீற்றாமேரி மட்டும்
சிரிக்கமாட்டாள்.

இப்போது ஒன்பது நாடு, நாலு கோடி நம்பர்.
என் நாலு வரி எல்லா இடத்திலும் ஓடுகிறது.
போன வருசம் ஒரு போயா நாள், ஒருவரும் இல்லாத நேரம்,
அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவு சேர்த்தேன்:
மேலே. கீழே. உள்ளபடி.
யாரும் கேட்கவில்லை.
விற்கப் போகும் இம்தியாஸ் அந்தப் பக்கத்தை
வேகமாகத் தாண்டிவிடுவான்.
இன்றுவரை எந்த நாடும்
மூன்றாவதைத் தொடவில்லை.

ஆனால் இரவு ஒரு மணிக்குத்
தானாக ஓடும் சோதனைகளில் அதுவும் இருக்கிறது.
இலக்கம் 2208.
அறுபத்தொரு செக்கன் பேசினால்
அறுபத்தொரு செக்கனுக்குக் காசு.
காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.
பச்சை.
பிறகு பெரட்டுக்குப் போவேன்.