ஆள் எண்ணிக்கை

கப்பல் கிட்ட வராது. இங்கே துறைமுகம் இல்லை.
வெள்ளையாய், மாடி மாடியாய் அது தூரத்தில் நிற்க
சின்னப் படகுகளில் ஆக்கள் வந்து இறங்கினார்கள்
முல்லைத்தீவுக் கரையில், காலை எட்டரைக்கு.

எனக்கு ஒருநாள் சம்பளம், ஒரு தொப்பி,
ஏழு என்று எழுதிய அட்டையோடு ஒரு தடி.
பின்னேரங்களில் இங்கிலிஷ் ரியூசன் கொடுக்கிறவள் என்று
கொம்பனிக்காரர் என்னைப் பிடித்திருந்தார்கள்.
சொல்ல வேண்டியதைத் தாளில் தந்திருந்தார்கள்:
களப்பு, கொக்கு, இறால், பனை.
சொல்ல வேண்டாததைத் தாளில் போடவில்லை.
அது எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர்.
இறங்கின உடனேயே ஒரு மனுசி மணலில் இருந்துவிட்டாள்.
நிலம் ஆடுதாம். ஒன்பது நாள் கடலில் நின்ற கால்
ஆடாத நிலத்தை நம்புதில்லையாம்.
கொஞ்ச நேரம் செல்லும், பழகிவிடும் என்றேன்.

ஹென்ட்ரிக் என்ற கிழவர்
காலுறையைக் கழற்றாமலே அலைக்குள் நின்றார்.
கலியாணம் கட்டி நாற்பது வருசமான ஒரு சோடி
யக்குலின் அக்காவின் நண்டுக்கறிக்கு
மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் பாண் கேட்டது.
அக்கா விலையை டொலரில் சொல்லப் பழகியிருந்தா.
மிச்சக்காசு கொடுக்க மட்டும் பழகவில்லை.

வெயில் ஏறத் துவாய் விரித்து மல்லாந்தார்கள்.
வரிசையாய்க் கிடந்தார்கள், அசையாமல்.
நான் போய் இளநீர்க்காரனிடம் நின்றுகொண்டேன்,
முதுகைக் கடலுக்குக் காட்டி.

சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி, என் வயதுதான் இருக்கும்,
வந்து கேட்டாள்: இதற்கு முதலும் இங்கே கப்பல் வந்ததா?
வந்தது என்றேன்.
இதே மாதிரித் தூரத்தில்தான் நின்றது.
வள்ளங்களில் கொண்டுபோய் ஏற்றினார்கள்.
எங்கே போனது?
திருகோணமலைக்கு.
நீயும் போனாயா?
இடம் காணாது. தம்பியை மட்டும்தான் ஏற்றினார்கள்.
அவள் தலையாட்டினாள்.
விடுமுறைக் காலமென்றால்
எல்லா இடமும் அப்படித்தான் என்றாள்.

நாலரைக்குக் கடைசிப் படகு.
எண்ணினேன். இருபத்தொன்று.
தடியை மணலில் குத்திவிட்டுத் திரும்பவும் எண்ணினேன்.
கப்பல்காரப் பெடியன், மணிலா ஆள்,
கைக்குள் இருந்த சின்ன இயந்திரத்தை டிக் டிக் என்று அமத்தினான்.
அவனுக்கும் இருபத்தொன்று.
ஹென்ட்ரிக்கைக் காணவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வோக்கிரோக்கியில் பெயரைச் சொன்னான்,
பிறகு எழுத்து எழுத்தாய்ச் சொன்னான்.
கப்பலில் இருந்து யாரோ உடுப்பின் நிறம் கேட்டார்கள்.
மருந்து எடுக்கிறவரா, காது கேட்குமா என்று கேட்டார்கள்.
போன படகு திரும்பி வந்தது.
நேவிக்காரரும் வந்தார்கள், வலு மரியாதையாய்.
தூரத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது,
போகிறேன் என்றல்ல, நிற்கிறேன் என்று.
ஒராள் குறைஞ்சாலும் வெளிக்கிடேலாது என்றான் பெடியன்
மன்னிப்புக் கேட்கிற குரலில். சட்டம் அது.
நல்ல சட்டம் என்றேன்.
நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான்.

ஐந்தேகாலுக்கு ஹென்ட்ரிக் வந்தார்,
அன்ரனின் சைக்கிளில், மீன்பெட்டிக்கு மேலே இருந்து,
காலுறை இரண்டையும் கையில் பிடித்தபடி.
வாடிக்குள் வலை பொத்துகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்
நித்திரையாகிப் போனாராம்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவருடைய மனுசி அழுதாள், பிறகு அடித்தாள்.
பெடியன் அமத்தினான்: இருபத்திரண்டு.

கப்பல் போன பிறகு தொப்பியைத் திருப்பிக் கேட்டார்கள்.
தடியைக் கேட்கவில்லை.
இருட்டுகிற கரையில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
கூட்டம் ஏழு.
இன்னும் யாரும் இருந்தால்
வந்து சேரட்டும்.